வாளில் எண்ணெய் தடவிப் பற்ற வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேஜை ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் முதல் இரண்டு மூன்று அமர்வுக்குள் இதைக் கேட்டுவிடுவார். கடைப் பட்டியலில் எண்ணெய்க் குடுவை ஒரு வெள்ளிக் காசு என்று இருக்கும். இடுப்பில் வாள், கையில் பந்தம். மூன்றையும் சேர்த்தால் எரியும் வாள் கிடைத்துவிடுமே என்று கண் மின்னும்.

பல வருடமாக டிஎம் (ஆட்டத்தை நடத்தி, விதிகளில் தீர்ப்பு சொல்கிறவர்) ஆக உட்கார்ந்து ஆட்டம் நடத்துகிறேன். ஒவ்வொரு குழுவிலும் இதே கேள்விகள், கிட்டத்தட்ட இதே வரிசையில் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறேன். 2024 திருத்தப் பதிப்போ வேறு ஆட்டமோ வரும் இடத்தில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

வாள்ல எண்ணெய் தடவி பத்த வச்சா எக்ஸ்ட்ரா டேமேஜ் உண்டா?

டேமேஜ் என்பது அடி பட்டவரின் உயிர்ப்புள்ளியிலிருந்து குறையும் எண். எரியும் வாளுக்கு அதைக் கூட்டப் புத்தகத்தில் விதி இல்லை. எண்ணெய்க்கு அது சொல்லும் வேலைகள் மூன்று: விளக்குக்கு ஊற்றலாம், எதிரி மேல் வீசலாம், தரையில் கொட்டலாம். ஆயுதத்தில் தடவுவது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

விதி இல்லை என்றால் தடை என்று அர்த்தமில்லை. புத்தகம் பேசாத இடத்தில் டிஎம் முடிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். நான் எப்படி முடிவு செய்கிறேன், ஏன் அப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அப்போ அந்தக் குடுவை எதுக்குத்தான்? வெறும் விளக்குக்கா?

இல்லை, சரியாகப் பயன்படுத்தினால் முதல் லெவலில் அது மலிவான, நல்ல ஆயுதம். ஒரு ஆக்‌ஷன் (தன் முறை வரும்போது செய்யும் ஒரு செயல்) செலவு செய்து 20 அடி தூரம் வரை வீசலாம். பட்டால் எதிரியின் உடம்பெல்லாம் எண்ணெய். அது காய ஒரு நிமிடம், அதாவது 10 ரவுண்டு (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) ஆகும். அதற்குள் அவன் எந்த வழியிலாவது ஃபயர் டேமேஜ் வாங்கினால், கூடவே 5 சேர்ந்துகொள்ளும். மந்திரவாதியின் ஃபயர் போல்ட் மந்திரம் சராசரியாக 5.5 எடுக்கும். எண்ணெயில் நனைந்தவன் மேல் விழுந்தால் 10.5. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

சமதளத் தரையில் கொட்டினால் 5 அடிக்கு 5 அடி சதுரம் நனையும். பற்ற வைத்தால் 2 ரவுண்டு எரியும். உள்ளே நுழைகிறவருக்கும், தன் டர்னை (முறையை) அங்கேயே முடிக்கிறவருக்கும் 5 ஃபயர் டேமேஜ். குறுகலான வாசலில் இதைச் செய்தால் துரத்தி வருகிறவர்கள் நின்று யோசிப்பார்கள்.

வாளை மட்டும் ஏன் விட்டுட்டாங்க? மறந்துட்டாங்களா?

மறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் அகல் விளக்கு ஏற்றியவர்களுக்குக் காரணம் தெரியும். அகலில் எண்ணெயை மட்டும் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், குச்சிதான் அணையும். திரி போட்டால்தான் எரியும். எண்ணெய் சும்மா இருக்கும் நிலையில் எரிவதில்லை. சூடாகி ஆவியானால்தான் அந்த ஆவி பற்றும். திரி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உறிஞ்சி, சுடரின் சூட்டுக்கு அருகே கொண்டு போய்க் கொடுக்கிறது.

வாளில் திரி எங்கே இருக்கிறது? வழவழப்பான எஃகு. தடவிய எண்ணெயில் பாதி கீழே சொட்டிவிடும், மீதி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அந்தப் படலத்துக்கு வருகிற சூட்டையும் உலோகம் இழுத்துக்கொள்ளும். எளிதில் ஆவியாகும் எரிபொருளாக இருந்தால் சட்டென்று ஒரு தீ ஓடி அணையலாம். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வகைக்கு அதுவும் சந்தேகம். போதாததற்கு வாளை வேகமாக வீசும்போது காற்று வேறு அணைக்கும்.

துணி சுத்தி எண்ணெயில நனைச்சா எரியும்ல? கோயில் தீவட்டி எரியுதே!

எரியும். கேள்வியே பதிலைச் சொல்லிவிடுகிறது. தீவட்டி பிடிக்கிறவர் பக்கத்தில் எண்ணெய்ப் பாத்திரத்தோடு ஒருவர் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பில் சுற்றிய துணிதான் திரி. அது காயக் காய ஊற்றிக்கொண்டே போக வேண்டும். சிலம்பத்தில் தீப்பந்தம் சுற்றுகிறவர்களும் கம்பு முழுவதையும் நனைப்பதில்லை. இரண்டு நுனியிலும் துணியை இறுக்கிக் கட்டி, அதை மட்டும் நனைத்துப் பற்ற வைக்கிறார்கள். கை பிடிக்கும் இடம் காய்ந்தே இருக்கும்.

ஆக, துணி சுற்றிய எரியும் ஆயுதம் என்பது ஒரு பந்தம். பந்தத்துக்குப் புத்தகத்தில் விதி இருக்கிறது: எரியும் பந்தத்தால் அடித்தால் 1 ஃபயர் டேமேஜ். பகடை கிடையாது, வெறும் ஒன்று. வாளுக்கும் அதற்கு மேல் கொடுக்க எனக்கு நியாயம் தெரியவில்லை.

என் மேஜையில் உள்ள விதி இது. துணி சுற்றி நனைக்க ஒரு நிமிடம், அதாவது சண்டைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். பற்ற வைக்க ஒரு ஆக்‌ஷன். ஒரு நிமிடம் எரியும். பட்டால் கூடுதலாக 1 ஃபயர் டேமேஜ். ஆனால் வெட்டும் விளிம்பைத் துணி மூடிவிடுகிறதே, அதனால் வாளின் பகடை ஒரு படி இறங்கும்: 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று) வாள் 1டி6 ஆகும். சராசரி பார்த்தால் முன்பு 4.5, இப்போது 3.5 கூட்டல் 1, அதே 4.5. மொத்தத்தில் நட்டமும் இல்லை லாபமும் இல்லை, அதில் ஒரு பங்கு நெருப்பாக மாறியிருக்கிறது. ஈட்டிக்கும் கம்புக்கும் பகடை இறங்காது. ஈட்டியில் முனைக்குக் கீழே சுற்றலாம், கம்புக்கு விளிம்பே இல்லை. எரியும் ஆயுதம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரிடம் நான் ஈட்டியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒரே ஒரு பாயிண்டா? இதுக்கா இவ்ளோ பாடு?

அந்த ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரால் என்ற அரக்கனை நினைத்துப் பாருங்கள். 84 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 10 திரும்ப வளரும். ஆசிடோ நெருப்போ பட்டால்தான் அடுத்த டர்னில் அந்த வளர்ச்சி நிற்கும். எவ்வளவு நெருப்பு என்று விதி கேட்பதில்லை, 1 போதும். மந்திரவாதி மயங்கிக் கிடக்கும் நேரத்தில், துணி சுற்றிய ஈட்டியோடு ஒரு வீரர் டிராலின் முன் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மேஜையில் ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு ரவுண்டும் அந்த ஒரு பாயிண்ட் பட்டதா இல்லையா என்பதுதான் எல்லாருக்கும் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது.

இன்னொன்று, இரண்டாவது பதிலில் சொன்ன 5. எண்ணெயில் நனைந்த எதிரியைப் பற்ற வைக்கவும் அந்த 1 போதும். ஒருவர் குடுவை வீச, அடுத்தவர் எரியும் ஈட்டியால் குத்த, 1 ஆனது 6 ஆகிறது.

1டி4 குடுத்தா என்ன குறைஞ்சுடும்? சின்னப் பகடைதானே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுக்கிறேன். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) ரவுண்டுக்கு இரண்டு அடி. நான்கு ரவுண்டு சண்டையில் 8 அடி, அதில் 5 படுகிறது என்று வைப்போம். 1டி4 சராசரி 2.5. மொத்தம் 12.5 கூடுதல் டேமேஜ், செலவு ஒரு வெள்ளிக் காசு. இனி எண்ணெய் தடவாமல் எந்த ஃபைட்டரும் வாளை உறையிலிருந்து எடுக்க மாட்டார். எல்லாருடைய வாளும் எல்லா நேரமும் எரிந்தால் எரியும் வாளைப் பார்த்து யாருக்கும் மயிர்க்கூச்செறியாது.

புத்தகத்திலேயே ஒப்பிட ஒரு பொருள் இருக்கிறது. சாதாரண விஷம் ஒரு சிறு குப்பி 100 தங்கக் காசு. ஆயுதத்தில் தடவினால் ஒரு நிமிடம் நிற்கும். பட்டவர் 10க்கு எதிரான கான்ஸ்டிடியூஷன் சேவில் (உடல் தாங்குகிறதா என்று போடும் பகடையில்) தோற்றால் 1டி4 விஷ டேமேஜ். 100 தங்கம் என்றால் 1000 வெள்ளி. ஆயிரத்தில் ஒரு பங்கு விலைக்கு, சேவ்கூட இல்லாமல், அதே பகடையை எண்ணெய்க்குக் கொடுத்தால் விஷம் விற்கிறவர் கடையை மூட வேண்டியதுதான்.

அல்கெமிஸ்ட்ஸ் ஃபயரை வாள்ல ஊத்தலாமா? அது தானா பத்திக்குமே?

அந்தத் திரவம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும், சரிதான். விலை 50 தங்கக் காசு. அந்தக் காசுக்கு 500 குடுவை எண்ணெய் வாங்கலாம். இதைத் தடவ நான் அனுமதிக்கிறேன், பகடை இறக்காமல்: ஒரு நிமிடம், பட்டால் 1டி4 ஃபயர் டேமேஜ். விஷத்தின் பாதி விலை, ஆனால் நெருப்பை எதிர்க்கும் எதிரிகளும் உண்டு. கையில் எரியும் வாளோடு ஒளிந்து நிற்கவும் முடியாது. அதனால் கணக்கு ஒத்துப்போகிறது.

இருந்தாலும் வீசுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். வீசிப் பட்டால் எதிரியின் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 1டி4. அணைக்க அவன் ஒரு முழு ஆக்‌ஷனைச் செலவு செய்து டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) பகடையில் 10 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். அவனுடைய ஒரு ஆக்‌ஷனைப் பறிப்பது எந்தப் பகடையையும் விடப் பெரிய லாபம்.

தீ அம்பு? அது நிஜமாவே இருந்துச்சுல்ல?

இருந்தது. பல நாடுகளின் முற்றுகைப் போர்களில் பயன்பட்டது. ஆனால் பெரும்பாலும் ஆளைக் கொல்ல எய்யவில்லை, கூரையையும் கப்பலையும் கொளுத்த எய்தார்கள். வேகமாகப் பறந்தால் சுடர் அணைந்துவிடும். அதனால் தார், பிசின், கந்தகம் போன்றவற்றில் தோய்த்த சணல் நாரை முனைக்குப் பின்னால் கட்ட வேண்டியிருந்தது. முனை கனமாகும், தூரம் குறையும்.

ஆட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறேன்: தூரம் பாதி, கூடுதல் 1 ஃபயர் டேமேஜ், காய்ந்த கூரையோ படகின் பாயோ என்றால் பற்றிக்கொள்ளும். 1டி6 வேண்டுமென்றால் அதற்கு ஃபிளேம் ஏரோஸ் என்ற மூன்றாம் லெவல் ஸ்பெல் (மந்திரம்) இருக்கிறது, 12 அம்புகளுக்கு வேலை செய்யும்.

எனக்கு ரெண்டு அட்டாக் இருக்கு. ஒண்ணுல குடுவை வீசி, இன்னொண்ணுல பத்த வைக்கலாமா?

2014 விதிப்படி முடியாது. குடுவை வீசுவது ஒரு முழு ஆக்‌ஷன், அட்டாக் ஆக்‌ஷனின் ஒரு பகுதி அல்ல. 2024 பதிப்பில் இது மாறிவிட்டது. அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது ஒரு அட்டாக்குக்குப் பதிலாகக் குடுவையை வீசலாம். பட்டதா என்று நீங்கள் பகடை போடுவதில்லை. எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் போடுகிறான். அவன் எட்ட வேண்டிய எண் 8 கூட்டல் உங்கள் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (சுறுசுறுப்புக்கான எண்) கூட்டல் புரொஃபிஷியன்சி போனஸ் (பயிற்சிக்கான எண்).

எனவே 2024 ஆட்டத்தில் ஐந்தாம் லெவல் ஃபைட்டர் தனியாளாகவே நனைத்துப் பற்ற வைக்கலாம். எரியும் ஈட்டி முன்பே கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் ஃபைட்டர்கள் குடுவையைத் தொடவே மாட்டார்கள்.

மூணு குடுவை வீசினா 15 சேருமா?

சேராது. ஒரே பெயருள்ள விளைவு ஒருவர் மேல் ஒரே நேரத்தில் பலமுறை இருந்தால் ஒன்றுதான் கணக்கு. அது எரிந்து முடிந்த பிறகு மறுபடி நனைத்தால் மறுபடி 5. ஒரு நனைப்புக்கு ஒரு 5 என்பது என் தீர்ப்பு. ஒவ்வொரு தீயடிக்கும் 5 என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பற்றிய எண்ணெய் எரிந்து தீர்ந்திருக்கும் என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

நெருப்பை எதிர்க்கிற எதிரின்னா அந்த 5 பாதியாகுமா?

எல்லாமே ஒரே வகை டேமேஜ் என்பதால் கூட்டிவிட்டுப் பாதியாக்குங்கள். ஃபயர் போல்ட்டில் 7, எண்ணெயில் 5, மொத்தம் 12, வாங்குவது 6. எரியும் ஈட்டியின் 1 தனியாகப் பாதியானால் பூஜ்யம் ஆகிவிடுமே என்ற பயமும் வேண்டாம். 1 கூட்டல் 5 என்று 6 ஆக்கி, 3 கொடுக்கிறேன்.

நெருப்பே ஏறாத சிவப்பு டிராகன், ஃபயர் எலிமென்டல் போன்றவற்றிடம் எண்ணெய் வீண். மறுபக்கம் மம்மிக்கு நெருப்பு இரண்டு மடங்கு. 6 என்பது 12 ஆகும். கல்லறைக்குள் போகும்போது குடுவை எடுத்துக்கொண்டு போங்கள். முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும் யாருக்கும் ஃபயர் டேமேஜ் பாதிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிரீஸ் ஸ்பெல் போட்டு அதைப் பத்த வச்சா?

பற்றாது. அது தரையை வழுக்கலாக்கும் மந்திரம். ஸ்பெல் செய்வதாகச் சொன்னதை மட்டும்தான் செய்யும். எரியும் என்று அதில் இல்லை. 2024 புத்தகம் எரியாத கிரீஸ் என்றே எழுதிவிட்டது. வெப் ஸ்பெல்லின் வலை எரியும், அதிலேயே அப்படி எழுதியிருக்கிறது.

என் பையில 20 குடுவை இருக்கு. ஃபயர்பால் விழுந்தா மொத்தமா வெடிக்குமா?

ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் பற்ற வைப்பது யாரும் அணியாத, சுமக்காத பொருட்களைத்தான். உங்கள் முதுகில் இருக்கும் வரை பைக்கு ஒன்றும் ஆகாது. கீழே வைத்துவிட்டுப் போனீர்கள் என்றால் அந்த இடம் எரியும், ஆனால் வெடிக்காது. மூன்றாவது பதிலில் சொன்னதுபோல இது விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், வெடிமருந்து இல்லை.

ஆரம்ப காலத்தில் நான் இதை மாற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டேன். முதல் லெவலிலிருந்து ஆசையாக வளர்த்த கேரக்டர் ஒன்று பையோடு எரிந்து செத்தது. அதை ஆடிய பையன் அடுத்த வாரம் வரவில்லை. விதியைத் திறந்து படித்திருந்தால் நடந்திருக்காது. ஆளுக்கு எத்தனை குடுவை என்று கட்டுப்படுத்த விரும்புகிற டிஎம்முக்கு எடைக் கணக்கு போதும்: குடுவை ஒன்று ஒரு பவுண்டு.

எரியுற ஆயுதத்தோட நேச்சுரல் 1 போட்டா கை சுடுமா?

நேச்சுரல் 1, அதாவது இருபது முகப் பகடையில் 1 விழுந்தால், பல மேஜைகளில் சுடும். என் மேஜையில் சுடாது. பதினோராம் லெவல் ஃபைட்டர் ரவுண்டுக்கு மூன்று அடி அடிக்கிறார். அதில் ஒரு தடவையாவது 1 விழ 14 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரே அடி அடிக்கும் கற்றுக்குட்டிக்கு 5 சதவீதம். தேர்ந்த வீரர்தான் அதிகம் சுட்டுக்கொள்வார் என்று வரும் விதி தலைகீழானது. 1 விழுந்தால் சுடர் அணைந்தது என்று வைத்துக்கொள்கிறேன். மறுபடி ஏற்ற ஒரு ஆக்‌ஷன்.

பழைய எடிஷன்ல எண்ணெய் பயங்கரமா இருக்கும்னு சொல்றாங்களே?

உண்மைதான். 1981 பேசிக் புத்தகத்தில் எரியும் எண்ணெய் ரவுண்டுக்கு 1டி8, இரண்டு ரவுண்டு. வாளுக்குச் சமம், அதுவும் இரண்டு முறை. அதே ஆட்டத்தில் முதல் லெவல் மந்திரவாதியின் ஹிட் பாயிண்ட் 1டி4. அதனால் புது ஆட்கள் வாளை விட எண்ணெயைத்தான் நம்பிக் குகைக்குள் இறங்கினார்கள். 3.5 பதிப்பில், திரி செருக ஒரு முழு ரவுண்டு, வீசினாலும் பற்ற 50 சதவீத வாய்ப்புதான் என்று கட்டிப்போட்டார்கள். இதே மாதிரி வேறு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பிலும் தயார் செய்ய ஒரு ஆக்‌ஷன், வீச ஒன்று, பட்ட பிறகும் டி20யில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் பற்றும், பற்றினால் 1டி6.

கோட்டை மதில்லேர்ந்து கொதிக்கிற எண்ணெய் ஊத்தினா எவ்ளோ டேமேஜ்?

இது எரியும் எண்ணெய் இல்லை, கொதிக்கும் எண்ணெய். வரலாற்றில் இதற்கு உறுதியான சான்று இருக்கிறது. கி.பி. 67இல் இன்றைய இஸ்ரேலில் உள்ள கலிலேயாவின் யோதபாத்தா முற்றுகையில் ரோமானியர் மேல் இதை ஊற்றியதாக, அந்த ஊரின் காவலுக்குத் தலைமை தாங்கிய யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸே எழுதியிருக்கிறார். கவசத்தின் இடுக்கு வழியே தலையிலிருந்து கால் வரை ஓடியது, சீக்கிரம் ஆறவும் இல்லை என்கிறார். நம் சிலப்பதிகாரத்திலும் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளைச் சொல்லும்போது, கல் உமிழும் கவணுக்கு அடுத்ததாகவே காய்ச்சிய எண்ணெய் வருகிறது.

புத்தகத்தில் இதற்கென்று எண் இல்லை. டிஎம் வழிகாட்டியில் உத்தேச டேமேஜ் அட்டவணை ஒன்று உண்டு. கனலில் சுட்டுக்கொண்டால் 1டி10, எரியும் குழியில் தடுமாறி விழுந்தால் 2டி10. ஒரு கொப்பரை எண்ணெய்க்கு நான் 2டி10 கொடுக்கிறேன், டெக்ஸ்டெரிட்டி சேவ் வென்றால் பாதி. அப்புறம் ஒரு தீ அம்பு விழுந்தால் அந்த 5.

நிஜ வாள்ல ஒரு தடவை முயற்சி பண்ணி வீடியோ எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் பற்றவில்லை என்றதும் அடுத்ததாகப் பெட்ரோலைத்தான் எடுக்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும், அந்த ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றும். வாளை வீசும்போது தெறிக்கும் துளிகள் சட்டையில் விழும். தீச்சிலம்பம் சுற்றுகிறவர்கள் ஆசானின் கண் முன்னால் வருடக்கணக்கில் வெறும் கம்பைச் சுற்றிய பிறகுதான் நுனியில் நெருப்பு வைக்கிறார்கள்.

தரையில எரியுற எண்ணெய்க்குள்ள எதிரியைத் தள்ளிவிட்டா எத்தனை தடவை 5?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி. விதி சொல்வது: நுழைந்தாலும், டர்னை அங்கே முடித்தாலும் 5, ஆனால் ஒரு டர்னில் ஒரு முறைதான். கவனியுங்கள், ஒரு ரவுண்டில் ஒரு முறை என்று இல்லை, ஒரு டர்னில். தள்ளப்பட்டு உள்ளே விழுவதும் நுழைவதுதான்.

உங்கள் டர்னில் ஓர்க் (ஒரு அரக்கர் இனம்) ஒருவனைத் தள்ளுகிறீர்கள், 5. அடுத்து உங்கள் தோழி தன் டர்னில் அவனை இழுத்து வெளியே போட்டு மறுபடி உள்ளே தள்ளுகிறாள், இது வேறு டர்ன், இன்னொரு 5. அவன் டர்ன் வருகிறது. கால்கள் கட்டப்பட்டு எழ முடியாமல் அங்கேயே முடிக்கிறான், மூன்றாவது 5. ஓர்க்கின் ஹிட் பாயிண்ட் 15. வாள் உறையிலேயே இருந்தது, செலவு ஒரு வெள்ளிக் காசும் ஒரு பந்தமும்.